செல்லக் கோழிக்கு இனி குணமில்லை என்றால்…

புதுச்சத்திரம் பக்கம் கோழி என்றாலே எல்லோருக்கும் முதலில் பண்ணைதான் நினைவுக்கு வரும். நாமக்கல் மாவட்டத்தில் இருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை போகிறது. ஆனால் பல வீட்டு வாசல்களில் நாலைந்து நாட்டுக்கோழிகளும் மேய்கின்றன. அதில் ஒன்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும். பிள்ளைகள் கையிலிருந்தே அரிசி கொத்தும்.

அந்தக் கோழி ஒரு நாள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் மூன்று விதமாகப் பேச்சு வரும். "அறுத்துடலாமுங்க" என்பார் ஒருவர். "ரெண்டு நாள் பாக்கலாம்" என்பார் இன்னொருவர். "பாவம், அதுவா போகட்டும், விடுங்க" என்பார் மூன்றாமவர். கேட்பதற்கு மூன்றாவதுதான் இரக்கமாகத் தெரியும். ஆனால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் இரண்டு மூன்று நாள் கிடந்து சாவதுதான் அந்தக் கோழிக்கு மிகப் பெரிய வேதனை.

முதலில் என்ன செய்யணும்?

கோழியைத் தனியாகப் பிரித்து வையுங்கள். நோயுற்ற கோழியை மற்றவை கொத்தியே கொன்றுவிடும். அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, காற்றோட்டமான நிழலில், பக்கத்திலேயே தண்ணீர் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவுக்கோ கொண்டு போகலாம். ஆலோசனைக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். "ஒரு கோழிக்குப் போய் டாக்டரா?" என்று தயங்க வேண்டாம். முட்டை அடைப்பு, அம்மை, சளி, குடற்புழு, கால் புண் போன்றவை நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியவை.

முடிவெடுக்க உதவும் கேள்விகள்

• தானாகத் தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா?
• எழுந்து நிற்கிறதா, நாலடி நடக்கிறதா?
• வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறுகிறதா?
• எலும்பு வெளியே தெரியும் முறிவோ, நாய் கடித்துக் குதறிய காயமோ உள்ளதா?
• சிகிச்சை தொடங்கிய பிறகு நேற்றைவிட இன்று தேவலையா, மோசமா?

தினமும் காலையில் இவற்றுக்கான பதிலை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பாசம் கண்ணை மறைக்கும், தாள் மறைக்காது. தின்பதில்லை, எழுவதில்லை, வலி குறையவில்லை, மருத்துவரும் கைவிரித்துவிட்டார் என்றால் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது. வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த சில கோழிகளுக்குக் கழுத்து திருகியே நின்றுவிடும். தின்னவும் குடிக்கவும் முடிந்தால் அவை வாழட்டும்.

எப்படிச் செய்வது?

சிறந்த வழி மருத்துவர் போடும் ஊசி. அளவு கூடிய மயக்க மருந்தால் கோழி முதலில் நினைவிழக்கும், பிறகு மூச்சு நிற்கும். அந்த இறைச்சியை யாரும் சாப்பிடக்கூடாது, நாய்க்கும் போடக்கூடாது.

வண்டியில் அடிபட்டோ, நாய் கடித்தோ துடிக்கிறது, மருத்துவரும் உடனே வர முடியாத நிலை. அப்போது கழுத்தெலும்பை மண்டையிலிருந்து ஒரே இழுப்பில் விலக்கும் முறை உண்டு. இதைச் செய்து பழகிய கை வேண்டும். பெரிய சேவலுக்கு இது எளிதல்ல. முதல் தடவையாக நீங்களே முயன்று பார்க்காதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கோழியைத் துணியால் சுற்றி, கண்ணை மறைத்து, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கழுத்தெலும்பு விலகிய பிறகும் சிறிது நேரம் இறக்கை அடிக்கும். அது உடலின் அனிச்சை அசைவு. மூச்சு இல்லை, கண்ணைத் தொட்டாலும் இமைக்கவில்லை என்பதைச் சில நிமிடம் கவனித்து உறுதி செய்யுங்கள்.

தண்ணீரில் அமுக்குவது, விஷம் வைப்பது, சாக்கில் கட்டிப் போடுவது, உயிரோடு குப்பையில் வீசுவது எதுவும் கூடாது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி கொடூரமான முறையில் கொல்வது குற்றம்.

ஒன்றுக்கு மேல் சாகிறதா?

திடீரென்று அடுத்தடுத்துக் கோழிகள் செத்தாலோ, கொண்டை நீலமாகி முகம் வீங்கினாலோ நீங்களாக எந்த முடிவும் எடுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிடமோ உடனே சொல்லுங்கள். கால்நடை மருந்தகத்துக்கும் தெரிவியுங்கள். கால்நடைத் தொற்றுநோய்களுக்கான 2009ஆம் ஆண்டு சட்டம் இதை வளர்ப்பவரின் கடமையாக்கியுள்ளது. உங்கள் வாசலில் தொடங்குவது பக்கத்துப் பண்ணை வரை போய்விடலாம். செத்த கோழியை விற்கவோ, ஓடையில் வீசவோ வேண்டாம்.

அதன் பிறகு

கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கூட்டைச் சுத்தம் செய்து வெயிலில் காய விடுங்கள்.

பிள்ளைகள் கேட்டால் "எங்கேயோ ஓடிப் போச்சு" என்று சொல்லாதீர்கள். நாள் முழுக்கத் தேடுவார்கள். "ரொம்ப வலிச்சுது கண்ணு, அந்த வலியை நிறுத்திட்டோம்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மீதமுள்ள கோழிகளை மறக்க வேண்டாம். வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. உங்கள் ஊரில் என்றைக்கு என்று மருந்தகத்தில் கேட்டு, கோழிகளை அன்றைக்கு மேய விடாமல் அடைத்து வையுங்கள்.