வழக்குரைத்த கவ்லா (ரலி) அம்மையார்

ஆரணியிலிருந்து வேலூர் செல்லும் வழியில், ஜவ்வாது மலைத்தொடரை அடுத்துள்ள ஊர் கண்ணமங்கலம். அங்கு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நிறைவுற்று வெளியே வந்தபோது, ஒரு பெண்மணி தம் தாயாருடன் பள்ளிவாசல் வாயிலருகே ஒதுங்கி நின்றிருந்தார். கணவர் பிரிந்து சென்று இரண்டாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. செலவுக்குப் பணமும் வருவதில்லை, தலாக்கும் சொல்லப்படவில்லை.

"வக்கீல் வைக்க வசதியில்லை ஹஜ்ரத். நானே கோர்ட்டில் பேசலாமா? பெண்பிள்ளை அங்கே போய் நிற்பது மார்க்கத்துக்கு அடுக்குமா என்று அண்ணன் கேட்கிறார்" என்றார்.

அவருக்கு அன்று கூறிய விடையையே இங்கு விரித்து எழுதுகின்றேன்.

திருமறையின் 58-ஆவது அத்தியாயத்துக்கு 'அல்முஜாதலா' என்று பெயர். தர்க்கம் செய்த பெண்மணியைக் குறித்து அமைந்த பெயர் அது. அவர்தாம் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அம்மையார். அவருடைய கணவர் அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் சினமுற்று, மனைவியைத் தம் தாய்க்கு ஒப்பிட்டுக் கூறிவிட்டார்கள். அறியாமைக் காலத்து அரபிகளிடம் 'ளிஹார்' எனும் இவ்வழக்கம் இருந்தது. இதற்கு ஆளான பெண் மனைவியாகவும் வாழ இயலாது. விடுதலை பெற்று வேறு மணம் புரியவும் இயலாது. கண்ணமங்கலத்துப் பெண்மணியின் நிலையும் ஏறக்குறைய அதுவன்றோ!

கவ்லா (ரலி) அம்மையார் தமக்காகப் பேச எவரையும் அனுப்பவில்லை. தாமே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமூகம் வந்து, தம் இளமையெல்லாம் அக்கணவருடன் கழிந்ததையும், முதுமையில் இந்நிலைக்கு ஆளானதையும் எடுத்துரைத்தார்கள். முதலில் கிடைத்த விடை அவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஆயினும் மீண்டும் மீண்டும் முறையிட்டார்கள். அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அப்பேச்சில் சில சொற்கள் கேட்கவில்லை. ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹுத்தஆலா கேட்டான், இறைவசனம் இறங்கியது.

அதன்பின் நடந்ததை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அடிமையை விடுதலை செய்வது பரிகாரம் என்றதும், அவரிடம் அடிமை இல்லை என்றார்கள். இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு என்றதும், அவர் முதியவர், தாங்கமாட்டார் என்றார்கள். அறுபது ஏழைகளுக்கு உணவு என்றதும், அதற்கும் வசதியில்லை என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கூடை பேரீச்சம் பழம் தந்து உதவ, மற்றொரு கூடையைத் தாம் தருவதாக அம்மையார் ஒப்புக்கொண்டார்கள். தமக்குத் தீங்கிழைத்தவரின் இயலாமையையும் மறைக்காமல் சொன்ன நாவு அது! வாதத்திறமை என்று நான் கருதுவது இதனைத்தான்.

இனி, நம் நாட்டுச் சட்டம். 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், அங்கு வழக்கறிஞரை வைத்து வாதாடுவதை எவருக்கும் உரிமையாகத் தரவில்லை. நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் அவர்கள் தோன்றுகிறார்கள். தேவையென்று கருதினால் நீதிபதியே ஒரு சட்ட அறிஞரின் துணையைப் பெறலாம். இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலும் விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். ஹயாவைப் பற்றிக் கவலுறும் அண்ணன்மார் இதனை அறிவார்களாக! முதலில் சமரசத்துக்கு முயல்வதும் நீதிமன்றத்தின் கடமை. இரு குடும்பத்திலிருந்தும் நடுவரை அனுப்பச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 35-ஆவது வசனம் இங்கு நினைவுக்கு வருகிறது.

குடும்பநல நீதிமன்றம் இல்லாத பகுதிகளில் ஜீவனாம்ச மனுவை மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கலாம். இரண்டாண்டுகள் கணவர் பராமரிக்கத் தவறினால் மணவிலக்குக் கோர 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வழி செய்கிறது. தனித்து நிற்கத் தயங்கும் பெண்ணுக்கு, அவர் வருமானம் எதுவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

ஜீவனாம்ச வழக்கில் இருவரும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித்தர வேண்டுமென 2020-இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் ஆணையிட்டது. கணவர் வருவாயைக் குறைத்துக் காட்டுவதும், மனைவி தம் தையல் கூலியை மறைப்பதும் அங்கு சத்தியத்தின் மீது சொல்லும் பொய்களாகும். வாக்குச் சாதுரியத்தால் ஒருவர் பிறருடைய உரிமையைத் தீர்ப்பாகப் பெற்றால், அவர் பெற்றது நெருப்புத் துண்டே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

ஜமாஅத்தாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குலா பெற விரும்பும் பெண் குடும்பநல நீதிமன்றத்தையே நாட வேண்டும், தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலருக்கு இது கசக்கலாம். எனினும் சமரசம் செய்யும் பணி நம்மிடமே இருக்கிறது. நிக்காஹ் தஃப்தரும் நம்மிடமே இருக்கிறது. ஒரு மஹல்லாவில், வழக்குக்குப் போகிறவளுக்கு நகல் தரமாட்டோம் என்று மூன்று மாதம் அலைக்கழித்ததை நான் கண்கூடாகக் கண்டேன். தஃப்தர் ஓர் அமானிதம். அதனைப் பூட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வாயை அடைப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது?

அப்பெண்மணியிடம், "நகலை வாங்குங்கள் அம்மா. பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் பள்ளிக் கட்டண ரசீதும் சேரட்டும். அவர் எந்த மாதம் போனார், எப்போது கடைசியாகப் பணம் அனுப்பினார் என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

"எனக்குப் பாதகமானதையும் எழுத வேண்டுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"அதனை முதலில் எழுதுங்கள்" என்றேன்.