கணவர் கையில் விசா. மனைவி கையில் என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் வட்டாரத்தில், கடல் கடந்து சென்ற ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அன்று மலேயா, பின்னர் சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், இன்று பிரிட்டன், கனடா, அமெரிக்கா என்று இடங்கள் மாறினவே தவிர, பயணம் நிற்கவில்லை. அறந்தாங்கி, மணமேல்குடி, மீமிசல், கோட்டைப்பட்டினம் என எங்கும் இதே நிலைதான். அந்நாடுகளின் குடிமக்களாகிவிட்ட நம்மவர்களுக்கு இங்கிருந்து பெண் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது.

பெண் கொடுக்கும் வீட்டார் ஜாதகம் பார்க்கிறார்கள், சம்பளம் விசாரிக்கிறார்கள், சொந்த வீடா, வாடகை வீடா என்று கேட்டறிகிறார்கள். 'மாப்பிள்ளை அந்நாட்டுக் குடிமகன்' என்று தெரிந்தவுடன் மனம் நிறைந்துவிடுகிறது. 'எங்கள் மகள் எந்த விசாவில் வருகிறாள்? அது எத்தனை ஆண்டுக்கானது? அதைப் புதுப்பிக்க யார் கையெழுத்திட வேண்டும்?' என்ற கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

வழக்கறிஞர் என்ற முறையில் என்னிடம் வரும் பெற்றோர், காலம் கடந்த பிறகே அந்தக் கேள்விகளுடன் வருகிறார்கள். 'சொன்னபடி கேட்காவிட்டால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மருமகன் மிரட்டுகிறாராம்; அவரால் முடியுமா?' என்பதே அவர்கள் கேட்பது. சில நிலைகளில் முடியும். பல நிலைகளில் முடியாது என்பதே உண்மையான விடை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் மிரட்டல் பலிக்கிறது.

குடிமகனை மணந்தவுடன் எவரும் அந்நாட்டின் குடிமகளாகிவிடுவதில்லை. முதலில் கணவரின் ஆதரவுக் கையெழுத்தைச் சார்ந்த தற்காலிக அனுமதி. அடுத்து நிரந்தர வசிப்புரிமை. இறுதியில் குடியுரிமை என மூன்று படிகள் உண்டு. முதல் படியில் கணவரின் பிடி வலுவானது. இரண்டாவது படியில் அது பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது. மூன்றாவதில் ஏறக்குறைய இல்லை. ஆகவே, மணவாழ்க்கை முறியும் நிலையில் ஒரு பெண் முதலில் அறிய வேண்டியது, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைத்தான்.

நமக்கு அருகிலுள்ள சிங்கப்பூரிலிருந்து தொடங்கலாம். அங்குக் குடிமகனின் மனைவிக்கு வழங்கப்படுவது பெரும்பாலும் நீண்டகால வருகை அனுமதி. சில தகுதிகள் உள்ளோருக்கு, 2012-இல் அறிமுகமான 'பிளஸ்' வகை அனுமதி கிடைக்கும். இரண்டுமே காலவரையறை உடையவை. புதுப்பிக்கப் பொதுவாகக் கணவரின் ஆதரவு தேவை. மணமுறிவுக்குப் பின் அங்கே தொடர்ந்து வசிப்பது மனைவியின் உரிமையன்று. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையம் தனித்தனியாகப் பரிசீலிக்கிறது. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தை இருப்பதும், அதன் வளர்ப்புப் பொறுப்பு தாயிடம் இருப்பதும் அப்போது முக்கியமாகக் கருதப்படுகின்றன. அடித்துத் துன்புறுத்தும் கணவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெற, மனைவி அந்நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாக, திருமணமாகி மூன்று ஆண்டுகள் முடியும் முன் அங்கு மணமுறிவு வழக்குத் தொடுக்க முடியாது. அசாதாரணத் துன்பம் இருந்தால் விலக்கு உண்டு. முஸ்லிம் தம்பதியரின் மணமுறிவு ஷரியா நீதிமன்றத்தின் வரம்பில் வருகிறது.

மலேசியாவில் நிலைமை இன்னும் கடினம். கணவர் குடிமகனாக இருந்து, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்த மனைவி குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ள அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆனால், திருமணம் நிலைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நடைமுறையில் இதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அவர் இருப்பது கணவரின் ஆதரவில் பெற்ற சமூக வருகை அனுமதியில்தான். மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு இந்தப் பதிவு வசதியும் இல்லை.

அமெரிக்கச் சட்டம் சிக்கலானது. ஆனால், மாற்று வழிகள் அங்கே மிகுதி. கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையவில்லை என்றால், இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனை அட்டையே தரப்படும். போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. அட்டை காலாவதியாவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற படிவத்தை அளித்து நிபந்தனையை நீக்க வேண்டும்.

கணவர் கையெழுத்திட மறுத்தால் என்ன ஆகும்? திருமணம் உண்மையானதாக இருந்து மணமுறிவில் முடிந்திருந்தால், அல்லது மனைவி வன்முறைக்கோ கடும் கொடுமைக்கோ ஆளாகியிருந்தால், அல்லது நாட்டைவிட்டு அனுப்புவது கடுந்துன்பம் விளைவிக்கும் என்றால், அவர் தனியாகவே அதே படிவத்தை அளிக்கலாம். அதற்கு அந்த 90 நாள்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கொடுமையைக் காரணம் காட்டும்போது மணமுறிவுத் தீர்ப்பும் தேவையில்லை.

கிரீன் கார்டே இன்னும் கிடைக்காத நிலையில் திருமணம் முறிந்தால், கணவர் அளித்த மனு பயனற்றுப் போகும். அந்த நிலையிலும் கொடுமைக்கு உள்ளான மனைவிக்கு ஒரு வழி உண்டு. பெண்களுக்கு எதிரான வன்முறை தடுப்புச் சட்டம் 1994-இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஐ-360 என்ற படிவத்தில் அவரே தனக்காக மனுச் செய்யலாம். கணவருக்கு இது தெரிவிக்கப்படாது. மணமுறிவு ஏற்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் இதைச் செய்ய முடியும். பெயரில் பெண்கள் என்று இருந்தாலும், கொடுமைக்கு ஆளான ஆண்களுக்கும் இது பொருந்தும்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று, மனைவிக்குக் கிரீன் கார்டு கோரும்போது கணவர் கையெழுத்திடும் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழி. அந்நாட்டு வறுமை வரம்பின் 125 சதவீத அளவுக்கு மனைவியைத் தாங்குவதாக அவர் அரசிடம் தரும் வாக்கு அது. மணமுறிவால் மட்டும் அந்தப் பொறுப்பு முடிவதில்லை. மனைவி அந்நாட்டுக் குடிமகளாவது, சுமார் பத்து ஆண்டு வேலைக்கணக்கைப் பெறுவது, நிரந்தர வசிப்புரிமையைக் கைவிட்டு வெளியேறுவது போன்ற நிலைகளில்தான் முடிகிறது.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர். எச்-1பி விசாவில் உள்ளவரின் மனைவி எச்-4 விசாவில்தான் இருப்பார். மணமுறிவுடன் அந்த எச்-4 தகுதி முடிந்துவிடும். மேலே சொன்ன வழிகள் அவருக்குக் கிடைக்கமாட்டா.

பிரிட்டனில் துணைவர் விசாவில் சென்றவர், பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே நிரந்தர வசிப்புரிமை கோரலாம். அதற்குள் உறவு முறிந்தால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தங்கும் காலம் வழக்கமாக 60 நாள்களாகச் சுருக்கப்படும். ஆனால், குடும்ப வன்முறையால் உறவு முறிந்திருந்தால், ஐந்து ஆண்டுகள் காத்திராமல் உடனே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கையில் காசில்லாதவர் அரசு உதவி பெற்று விண்ணப்பத்தைத் தயாரிக்க, மூன்று மாத இடைக்கால அனுமதியும் உண்டு. பிரிட்டனில் வளரும் குழந்தையின் தாய் என்ற அடிப்படையிலும் தனியே விண்ணப்பிக்க முடியும்.

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றுவிட்டால், பின்னர் வரும் மணமுறிவு அதைப் பறிக்காது. துணைவருடன் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என்று 2012-இல் விதிக்கப்பட்ட நிபந்தனை, கொடுமையைச் சகித்துக்கொள்ளப் பெண்களை நிர்ப்பந்திக்கிறது என்ற விமர்சனத்துக்குப் பின் 2017-இல் கைவிடப்பட்டது. வசிப்புரிமை கிடைக்கும் முன்பே வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு 2019 முதல் கட்டணமற்ற தற்காலிக அனுமதி வழங்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவிலும், தற்காலிகத் துணைவர் விசாவில் உள்ளவர் குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ, இருவருக்கும் குழந்தை இருந்தாலோ, உறவு முறிந்த பின்னரும் நிரந்தர விசா பெற வழி உண்டு.

இத்தனை வழிகள் இருந்தும் நம் பெண்கள் அவற்றை எட்டாமல் போவதற்கு, ஊரிலிருந்து செல்லும் இரண்டு அறிவுரைகளே பெரும்பாலும் காரணம். ஒன்று, 'பொறுத்துப் போ'. மற்றொன்று, 'உடனே விமானம் ஏறி வந்துவிடு'. முதலாவதின் தீமை வெளிப்படையானது. பொறுத்திருக்கும் காலத்தில் கெடு தேதிகளும் கடந்துவிடுகின்றன. இரண்டாவது, பாசத்தால் சொல்லப்படுவது. ஆனால், மேலே கண்ட வழிகளில் பெரும்பாலானவை அந்நாட்டு மண்ணில் இருப்பவருக்கே எளிதில் திறப்பவை. ஆபத்து நேர்ந்தால் கணவரின் வீட்டைவிட்டு வெளியேறுவதே முதல் தேவை. காவல்துறையும் பெண்கள் காப்பகங்களும் அங்கே உள்ளன. வீட்டைவிட்டு வெளியேறுவது வேறு, நாட்டைவிட்டு வெளியேறுவது வேறு.

இதை நன்கு அறிந்த கணவர்கள் சிலர் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள். 'அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வா' என்று மனைவியை அழைத்துவந்து விடுகிறார்கள். கடவுச்சீட்டும் வசிப்பு அட்டையும் கணவரின் பையில் திரும்பிச் செல்கின்றன. பின்னர் தொலைபேசியும் மௌனமாகிவிடுகிறது. இந்தக் கொடுமையைப் பிரிட்டன் அண்மையில்தான் தன் விதிகளில் ஏற்றுக்கொண்டது. 2022-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைத் தொடர்ந்து, இவ்வாறு வெளிநாட்டில் கைவிடப்பட்ட மனைவி அங்கிருந்தபடியே நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்க 2024 ஜனவரி முதல் வழி செய்யப்பட்டுள்ளது. மற்ற நாடுகளும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இது.

அப்படிக் கைவிடப்பட்டவர் தாமதிக்காமல் செய்ய வேண்டியவை சில. காவல் நிலையத்தில் புகாரளித்து ரசீது பெறுவது. சம்பந்தப்பட்ட நாட்டின் தூதரகத்துக்கு, ஆவணங்கள் பறிக்கப்பட்டதை எழுத்தில் தெரிவிப்பது. திருச்சி மண்டல அலுவலகத்தின் வழியே மாற்றுக் கடவுச்சீட்டு கோருவது. அமெரிக்கக் கிரீன் கார்டு உள்ளவர் ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் கேள்விகள் எழும். ஓராண்டைத் தாண்டினால் திரும்புவதே சிக்கலாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து மணமுறிவு அறிவிப்பு வந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது. இந்து திருமணச் சட்டப்படி நடந்த திருமணத்தை, அச்சட்டம் ஏற்காத காரணத்துக்காக, மனைவி உட்படாத ஓர் அயல்நாட்டு நீதிமன்றம் முறித்தால் அது இங்கே செல்லாது என்று 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. ஆனால், இங்கே செல்லாத தீர்ப்பு, அங்கே செல்லும், விசாவையும் பாதிக்கும். பதில் அளிப்பதிலும் சட்ட விளைவுகள் உண்டு என்பதால், வழக்கறிஞரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

இங்கே வழக்குத் தொடுக்கவும் தடையில்லை. கணவர் வீட்டுக் கொடுமையால் வெளியேறிய மனைவி, தான் தஞ்சம் புகுந்த ஊரிலேயே குற்றப் புகார் அளிக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. வெளிநாட்டில் வழக்கு நடத்த இயலாத பெண்களுக்கு இந்தியத் தூதரகங்கள் வழியாக நிதியுதவி தரும் திட்டமும் உள்ளது.

பிற நாடுகளைக் குறை கூறும் முன் நம் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியரை மணந்த வெளிநாட்டவர், பதிவு செய்த திருமணம் இரண்டு ஆண்டுகள் நிலைத்த பின் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை பெறலாம். ஆனால், திருமணம் முறிந்தால் அந்த அட்டையை ரத்து செய்யக் குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவு இடமளிக்கிறது. கொடுமைக்கு ஆளாகி மணமுறிவு பெற்றவருக்கு அப்பிரிவில் விலக்கு ஏதும் இல்லை. நம் மகள்களுக்குப் பிற நாடுகளில் நாம் கோரும் நீதியை, இங்கே வாழவந்த மருமகள்களுக்கும் தருவதே முறை.

வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் பதிவு மசோதா 2019-இல் மாநிலங்களவையில் அறிமுகமானதோடு நின்றுவிட்டது. 2024-இல் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில், அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரையும் உள்ளடக்கிய விரிவான சட்டம் தேவை எனப் பரிந்துரைத்தது. திருமணப் பதிவைக் கட்டாயமாக்குவது, தம்பதியரின் கடவுச்சீட்டுகளை ஒன்றோடொன்று இணைப்பது ஆகியவையும் அப்பரிந்துரைகளில் அடங்கும். மத்திய அரசு இதில் மேலும் தாமதிக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை பெற்றோர் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாள்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவறாமல் செய்ய வேண்டும். மாப்பிள்ளையின் கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்று, மகளின் விசா ஆகியவற்றின் நகல்கள் பெண் வீட்டிலும் இருக்க வேண்டும். மகளின் கடவுச்சீட்டு மகளிடமே இருக்க வேண்டும். அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும், அவர் மட்டுமே அறிந்த மின்னஞ்சல் கடவுச்சொல்லும் வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், புகைப்படங்கள் போன்றவை திருமணம் உண்மையானது என்று பின்னாளில் நிரூபிக்க உதவும். விதிகள் அடிக்கடி மாறுவதால், சிக்கல் தொடங்கியதுமே அந்நாட்டுக் குடிநுழைவு வழக்கறிஞரை அணுக வேண்டும். முகவர்களை நம்பக் கூடாது.

விசாவுக்காக மட்டும் ஒரு திருமணத்தை நடத்துவது குற்றம். விசா போய்விடும் என்ற அச்சத்தால் மட்டும் ஒரு கொடுமையான திருமணத்தில் அடைபட்டுக் கிடப்பது தேவையற்ற தண்டனை. நிச்சயதார்த்தத்தின்போது நகையைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். 'எங்கள் பெண்ணின் விசா என்ன வகை?' என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி, மறுபடியும் ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.