எண்ணெய்ச் சட்டிக்கு ஏன் தண்டனை?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டைப் பிரித்தால், ஸ்கேன் பக்கத்தின் அடியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி. "குடிக்கிற பழக்கமே இல்லையே டாக்டர்!" என்பதுதான் பலர் வாயிலும் முதலில் வரும். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போய்விடும். டீயில் மட்டும் வழக்கம்போல இரண்டு கரண்டி சர்க்கரை.

தண்டனை ஆள் மாறிப் போய்விட்டது. கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 2005-இல் அளந்தே பார்த்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் ஒன்பதே பேர்தான். ஆனாலும் கணக்கு இன்றுவரை பேசப்படுகிறது. கல்லீரலில் இருந்த கொழுப்பில் சாப்பாட்டிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம். உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தம் வழியாக வந்து இறங்கியது 59 சதவீதம். மீதி 26 சதவீதத்தைச் சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து கல்லீரலே தயாரித்திருந்தது.

இதற்கெல்லாம் நடுவில் நிற்பது இன்சுலின். நாம் சாப்பிட்டதும் அது சுரந்து, கொழுப்புத் திசுவிடம் 'இருப்பை வெளியே விடாதே' என்கிறது. கல்லீரலிடம் 'சர்க்கரை உற்பத்தியை நிறுத்து' என்கிறது. இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போகும்போது இரண்டு உத்தரவும் எடுபடுவதில்லை. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 'கொழுப்பைத் தயாரி' என்ற மூன்றாவது உத்தரவு மட்டும் கல்லீரலின் காதில் நன்றாகவே விழுகிறது! அங்கே தங்காத கொழுப்பு டிரைகிளிசரைடாக ரத்தத்தில் ஏறுகிறது; நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது. பாட்டில் ஜூஸிலும் வெள்ளைச் சர்க்கரையிலும் உள்ள ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே போவதால், கதை இன்னும் மோசமாகிறது.

இந்த நோய்க்கு இருந்த 'மது சாராத' என்ற பழைய பெயரை 2023-இல் மாற்றி, 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த' என்று சூட்டியது சரியான முடிவு. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும். நம் ஊர் உடல்வாகுக்கு ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தொட்டாலே கவனம் தேவை.

அதிக எடை இருந்தால், 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கல்லீரலின் வீக்கமும் தணியும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி நார்மல் என்று நிம்மதியாகிவிட வேண்டாம். அது நார்மலாக இருந்தபடியே கல்லீரலில் தழும்பு விழலாம். அந்தத் தழும்பைக் கணிக்க, வயது, இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் ஆகிய நான்கையும் வைத்து 'ஃபிப்-4' என்று ஒரு கணக்குப் போடுவார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.