சான்றுக்கும் மதிப்பெண் உண்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நமக்கு ஆண்டுதோறும் மதிப்பெண் போடுகிறார்கள். மருத்துவ ஆராய்ச்சிக்கும் அவ்வாறு மதிப்பெண் உண்டு என்பது எனக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது. அதற்குக் காரணம் என் அத்தையின் முதுகுவலி.

முதுகெலும்பில் காசநோய் என்றார் மருத்துவர். ஓராண்டு மாத்திரை போதும், இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றும் கூறினார். வீட்டில் ஒருவருக்கும் மனம் ஒப்பவில்லை. "எலும்பே அரித்த பிறகு மாத்திரை என்ன செய்யும்? ஆபரேஷன்தான்" என்றார் ஆவடிச் சித்தப்பா. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் என் தந்தை, நகையை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார். "நீதான் படிக்கிறவன், நீ சொல்லுப்பா" என்று என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு என்ன தெரியும்? தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எலும்பு மருத்துவத்தில் சான்றுகளை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவின் எலும்பு மூட்டு அறுவை மருத்துவ இதழ் 2003 முதல் தன் கட்டுரைகளுக்கு இப்படிகளைக் குறித்து வருகிறது. ஐந்தாம் படி, நிபுணர் ஒருவரின் கருத்து. நான்காம் படி, ஒப்பிட வேறு குழு இல்லாமல், தாம் கவனித்த நோயாளிகளை மட்டும் தொகுத்துக் கூறுவது. மூன்றாம் படி, பழைய பதிவேடுகளைக் கொண்டு இரு குழுக்களை ஒப்பிடுவது. இரண்டாம் படி, சிகிச்சையின் தொடக்கம் முதலே இரு குழுக்களையும் தொடர்ந்து கவனிப்பது. முதற்படி, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து ஒப்பிடுவது.

சீட்டு எதற்கு? திடமான உடல் உள்ளவர்களை மட்டும் அறுவைக்கு அனுப்பினால், தேறியது அறுவையாலா உடல்வலிமையாலா என்று எப்படி அறிவது? 2002இல் அமெரிக்காவில் முழங்கால் தேய்ந்த 180 பேரைச் சீட்டு முறையில் பிரித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். மூட்டுக்குள் கருவி செலுத்திச் சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கு, இவர்களைவிட அதிகப் பலன் கிட்டவில்லை!

நான் தேடிய விடையோ நம் சென்னையிலேயே இருந்தது. சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையம் முதுகெலும்புக் காசநோயாளிகளைச் சீட்டு முறையில் மூன்றாகப் பிரித்துப் பத்தாண்டுகள் கவனித்து, 1999இல் முடிவை வெளியிட்டது. அறுவையுடன் ஆறு மாத மாத்திரை பெற்ற 78 பேரில் 90 விழுக்காட்டினர் நலமாக இருந்தனர். அறுவையின்றி ஆறு மாத மாத்திரை மட்டும் பெற்ற 78 பேரில் 94 விழுக்காடு. ஒன்பது மாதம் பெற்ற 79 பேரில் 99 விழுக்காடு.

ஆயினும் முதற்படிச் சான்றும் எல்லோருக்கும் பொருந்தாது. நடக்க இயலாதபடி கால் செயலிழந்தவர்கள் இந்த ஆய்வில் இல்லை. 15 வயதுக்குட்பட்டு, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் இருந்தவர்களுக்கு, ஆறு மாத மாத்திரை மட்டும் பெற்றபோது கூன் மேலும் வளர்ந்தது. ஆகவே, 'எத்தனையாம் படி?' என்பதோடு 'யாரிடம் கண்டது?' என்றும் கேட்க வேண்டும்.

குறிப்பெடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன். அத்தை வயது வந்தவர், நடக்கிறார், கூன் இல்லை. அதனால்தான் மாத்திரை என்று பொறுமையாக விளக்கினார். தந்தை தலையசைத்தார். நகை வீட்டிலேயே இருக்கிறது.

எட்டு மாதங்கள் ஆகின்றன. அத்தை இப்போது தானே கடைக்குப் போய் வருகிறார். ஆனால் நண்பர்களே, இதை வைத்து நீங்கள் முடிவு கட்ட வேண்டாம். ஒருவர் தேறிய கதைக்கு, நான்காம் படியில்கூட இடம் கிடைப்பது அரிது!