கறுப்பினச் செய்தியாளருக்குக் கொடை: பணம் வரும் வழியும் வம்பும்

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி இனக் கலவரத்தில் பற்றி எரிந்தபோது, அந்நகரின் பெரிய நாளிதழான 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' செய்திப் பிரிவில் ஒரு கறுப்பினச் செய்தியாளர்கூட இல்லை. விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற 24 வயது கறுப்பின இளைஞர்தான் உள்ளே போனார். அவர் பொதுத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். மறு ஆண்டு அந்தக் கலவரச் செய்திகளுக்காகப் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இனக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம் 1968இல் பத்திரிகைகளையும் விட்டுவைக்கவில்லை. செய்தித் துறையில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று சுட்டிக்காட்டியது. பத்து ஆண்டு கழித்து அமெரிக்கச் செய்தி ஆசிரியர்கள் சங்கம் ஓர் இலக்கு வைத்தது: மக்கள்தொகையில் சிறுபான்மையினர் எவ்வளவோ, அவ்வளவு பேர் 2000ஆம் ஆண்டுக்குள் செய்தியறையிலும் இருக்க வேண்டும். நடக்கவில்லை. பியூ ஆய்வு மையத்தின் 2022 கணக்கெடுப்பில் கறுப்பினச் செய்தியாளர்கள் 6 சதவீதம்தான்.

சரி, கறுப்பினத்தவரின் சொந்தப் பத்திரிகைகள்? 1827 முதலே உண்டு. தென் மாநிலங்களுக்கு ரயில் பணியாளர்கள் மூலம் போய்ச் சேர்ந்த 'சிகாகோ டிஃபெண்டர்' 2019இல் அச்சை நிறுத்தியது. பெரிய பத்திரிகைகள் கறுப்பினப் பத்திரிகைகளின் திறமைசாலிகளை இழுத்துக்கொண்டன. விளம்பரப் பணம் இணையத்துக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் அறக்கட்டளைகள் வருகின்றன. வழிமுறை எளிது. செய்தி நிறுவனம் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவுசெய்துகொள்ளும். கொடுப்பவருக்கு வரிச் சலுகை உண்டு. நிறுவனம் தேர்தலில் யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது.

பலன் என்ன என்பதற்கு மெம்ஃபிஸைப் பார்க்கலாம். ஐடா பி. வெல்ஸ் கும்பல் கொலைகளைக் கண்டித்து எழுதியதற்காக 1892இல் அவருடைய பத்திரிகை அலுவலகம் சூறையாடப்பட்டது அங்கேதான். அதே ஊரில் வெண்டி தாமஸ் என்ற கறுப்பினச் செய்தியாளர் 2017இல் 'எம்.எல்.கே.50' என்ற லாப நோக்கற்ற செய்தித்தளத்தைத் தொடங்கினார். மருத்துவக் கட்டணம் கட்ட முடியாத ஏழைகள்மீது அங்குள்ள பெரிய மருத்துவமனை ஐந்தாண்டுகளில் 8,300க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டிருந்ததை, நன்கொடையில் இயங்கும் 'புரோபப்ளிகா'வுடன் சேர்ந்து 2019இல் அம்பலப்படுத்தினார். வழக்கில் சிக்கியவர்களில் அந்த மருத்துவமனையின் ஊழியர்களும் இருந்தார்கள். கடைசியில் 5,300க்கும் மேற்பட்டவர்களின் சுமார் 1.2 கோடி டாலர் கடன் தள்ளுபடியானது. மருத்துவமனை விளம்பரத்தை எதிர்பார்த்திருக்கும் பத்திரிகை இதைத் தொட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் கொடையாளருக்கும் கருத்து உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளிக்கு 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டவர் அர்கான்சா பத்திரிகை அதிபர் வால்டர் ஹஸ்மன். பள்ளிக்கே அவர் பெயர்தான். 2021இல் அங்கே கறுப்பினச் செய்தியாளர் நிகோல் ஹன்னா-ஜோன்ஸைப் பேராசிரியராக நியமிக்க முயன்றபோது, அடிமை முறையை அமெரிக்க வரலாற்றின் மையத்தில் வைத்த அவருடைய '1619' திட்டம் குறித்துப் பல்கலைக்கழக அதிகாரிகளுக்கு ஹஸ்மன் தம் கவலையைத் தெரிவித்தார். நெருக்கடி எதுவும் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். ஹன்னா-ஜோன்ஸுக்கான நிரந்தரப் பணி உரிமை இழுத்தடிக்கப்பட்டு, கண்டனங்களுக்குப் பிறகே வந்தது. அவர் அதை மறுத்துவிட்டு, கறுப்பினத்தவருக்கான வரலாற்றுப் புகழ்மிக்க ஹாவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரையும் எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸையும் அமர்த்த நைட், மெக்ஆர்தர், ஃபோர்டு அறக்கட்டளைகளும் பெயர் சொல்லாத ஒரு கொடையாளரும் சேர்ந்து 2 கோடி டாலர் தந்தார்கள். ஒரு கொடையாளரின் நிழலிலிருந்து விலக, வேறு கொடையாளர்கள் தேவைப்பட்டார்கள்.

இப்போது சட்டமும் குறுக்கே நிற்கிறது. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் நிதி தந்த அட்லாண்டாவின் 'ஃபியர்லெஸ் ஃபண்ட்' திட்டத்தை 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடக்கியது. ஆதாரமாகக் காட்டப்பட்டது, விடுதலை பெற்ற அடிமைகளைக் காக்க 1866இல் பிறந்த சட்டம். அது செய்தித் துறை வழக்கு அல்ல. ஆனாலும் 'கறுப்பினச் செய்தியாளர்களுக்கு மட்டும்' என்று அறிவிக்க நினைக்கும் அறக்கட்டளை, இனி முதலில் வழக்கறிஞரைத்தான் கேட்டாக வேண்டும்.