தறியூரில் ஒரு திறந்த கணிப்பொறி

கணிப்பொறிக்குக் கூடு எதற்கு? கணக்குப் போடுவது பிராசசர். நினைவில் வைப்பது மெமரி. தகரப் பெட்டி எந்த வேலையும் செய்வதில்லை. அதற்கேன் ஆயிரக்கணக்கில் அழவேண்டும்? பிளைவுட் பலகை ஒன்று, அலுமினிய ஆங்கிள் நான்கு, கைப்பிடித் திருகுகள் சில, இவை போதாவா? காற்றும் தாராளமாகப் படுமன்றோ? இவ்வாறு கேட்கும் நண்பர்கள் நம் விடுதியில் பெருகி வருகின்றனர். சிலர் கேட்பதோடு நில்லாது கட்டியும் முடித்துவிட்டனர். அவர்களுள் நகரியிலிருந்து வரும் நண்பர்களும் உளர். குறிப்பாக அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மயக்கம் தீரவேண்டும். கூட்டைக் கழற்றினால் வெப்பம் குறையும் என்பர். குறையாது. 300 வாட் மின்சாரத்தை உண்ணும் பொறி, திறந்திருப்பினும் மூடியிருப்பினும், 300 வாட் வெப்பத்தை அறைக்குள் உமிழ்ந்தே தீரும். மாறுவது, அவ்வெப்பம் சிப்பைவிட்டு எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதே. சிப்பின் வெப்பநிலையை இரண்டு பகுதிகளின் கூட்டலாகக் கொள்ளலாம். ஒன்று, அதனைச் சூழ்ந்த காற்றின் வெப்பநிலை. மற்றொன்று, அதற்கு மேல் சிப்பு ஏறும் அளவு. காற்றோட்டமில்லாத கேபினட்டில், கிராபிக்ஸ் கார்டு கக்கிய சூட்டையே பிராசசரின் விசிறி மீண்டும் இழுக்கிறது. கூட்டினுள் காற்று அறையைவிட 10 பாகை கூடினால், சிப்பும் ஏறத்தாழ 10 பாகை கூடும். திறந்த சட்டத்தில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இதுவே அதன் உண்மையான சிறப்பு. கத்தரி வெயிலில் அறையே 40 பாகையைத் தொடும் நம் பகுதியில் இச்சிறப்பு சிறிதன்று. ஏனெனில், இன்றைய இன்டெல் மேசைப் பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 பாகை செண்டிகிரேடு. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. எல்லையை எட்டினால் அவை தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆயினும், விசிறியுடைய உறுப்புகளுக்குக் கிடைக்கும் இந்த நன்மை விசிறியில்லா உறுப்புகளுக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. பிராசசரின் அருகே அதற்கு மின்னழுத்தத்தைச் சீர்செய்து கொடுக்கும் சிறு உறுப்புகள் வரிசையாக உள்ளன. எம்.2 எஸ்.எஸ்.டி. உள்ளது, மெமரி உள்ளது. நல்ல கேபினட்டில் முன்விசிறி தள்ளும் காற்று இவற்றை வருடிக்கொண்டே பின்புறம் போகிறது. கூட்டை எடுத்தவுடன் அந்த ஓட்டம் சிதறிப்போகிறது. பிறகு இவற்றுக்குத் துணை, சூடான காற்று தானே மேலெழும் மெல்லிய அசைவு மட்டுமே. பிராசசரின் மேல் கோபுரம்போல் நிற்கும் ஹீட்சிங்க் இருப்பின் நிலை இன்னும் மோசம். அதன் காற்று மதர்போர்டைத் தொடாமலே பக்கவாட்டில் போய்விடும். ஆகவே பிராசசர் குளிர்ந்திருக்க, அதன் அண்டையிலுள்ள உறுப்பு வாடுவதும் உண்டு. கூடு வெறும் மூடி அன்று. காற்றுக்கு வெட்டிய வாய்க்கால்.

திறந்த சட்டம் புதுமையுமன்று. கூகுள் நிறுவனம் 1999-இல் கட்டிய கணிப்பொறிகளுக்குக் கூடே இல்லை. உலோகத் தட்டில் தக்கைத் தாளை விரித்து, அதன்மேல் நான்கு மதர்போர்டுகளைப் பரப்பி, அப்படியே அடுக்கில் செருகினார்கள். தக்கை, மின்கசிவு நேராமல் காத்தது. கேபினட்டை நீக்கியதால் இடமும் பணமும் மிஞ்சின. நம் நண்பர்கள் சான்றுக்கு அழைப்பது இதனைத்தான். ஆனால் அத்தட்டுகள் இருந்த இடம் எது? குளிரூட்டப்பட்டு, காற்று வடிகட்டப்பட்ட கூடம். அங்கே அறையே கேபினட்!

நம் நாட்டில் கையாற் கட்டிய முதற்பெரும் கணிப்பொறிகளுள் ஒன்று டிஃப்ராக். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி, 1960-இல் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,700 வால்வுகள் கொண்ட பொறி அது. 18 அடி நீளமுள்ள எஃகுச் சட்டத்தில் அதனை அமைத்து, சுற்றுகளை அணுக இருபுறமும் எஃகுக் கதவுகள் வைத்தார்கள். திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும் என்பதுதானே கதவின் பொருள்!

வடிகட்டாத காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இன்டெல் நிறுவனத்தார் சுமார் 900 சர்வர்களை எடுத்துக்கொண்டு, பாதியைக் குளிரூட்டிய அறையிலும் பாதியை வெளிக்காற்றிலும் 10 மாதம் ஓட்டினர். வெளிக்காற்றுக்கு வீட்டில் பயன்படும் சாதாரண வடிகட்டி மட்டுமே. முடிவை 2008-இல் வெளியிட்டனர். பொறிகளின்மேல் தூசு படர்ந்தது. ஆனால் பழுதான பொறிகள் 4.46 விழுக்காடே. அதே காலத்தில் அவர்களுடைய முதன்மைக் கூடத்தில் 3.83 விழுக்காடு. 'அப்படியானால் தூசு பெரிய பகையன்றே!' எனலாம். அந்தத் தூசு பெரிய பகையன்றுதான். பாலைநிலத்து மண் அது, பஞ்சு அன்று.

படிப்பதற்காக இப்பக்கம் வந்த எனக்கு நகரி அறிமுகமானதே விசைத்தறியின் ஓசையால். வீட்டோடு ஒட்டிய தறிக்கூடம். சுவருக்கு அப்பால் பிள்ளைகள் படிக்கும் அறை. கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அங்கே பறப்பது பொடி மட்டுமன்று, இழை. மண்துகள் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையே புகுந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். சில மில்லிமீட்டர் நீளமுள்ள பஞ்சிழையோ, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். அதன்மேல் அடுத்த இழை, அதன்மேல் அடுத்தது. சில வாரங்களில் தகடுகளின் வாயில் மெல்லிய கம்பளம் ஒன்று நெய்யப்பட்டுவிடும். தறியில்லாமலே நெசவு! போதாக்குறைக்குப் பாவுக்கு ஏற்றிய கஞ்சியின் பொடியும் அதில் உண்டு. கஞ்சி மாவு ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் அது மதர்போர்டின்மேல் ஈரப் படலமாகத் தங்குவது நல்லதன்று.

எவ்வளவு காற்று என்று கணக்கிட்டுப் பாருங்கள். 300 வாட் வெப்பத்தை, காற்று 10 பாகை மட்டுமே சூடேறும்படி அகற்ற, நொடிக்கு ஏறக்குறைய 26 லிட்டர் காற்று வேண்டும். மணிக்கு 95 கன மீட்டர். பத்தடிக்குப் பத்தடி அறையில், உயரமும் பத்தடியானால், உள்ள காற்று 28 கன மீட்டரே. அறையின் காற்று முழுவதற்கும் சமமான அளவு மணிக்கு மும்முறை பொறியைக் கடக்கிறது. மிதக்கும் இழைகள் எப்படித் தப்பும்?

வடிகட்டி வைக்கலாமே எனின், எங்கே வைப்பது? உள், வெளி என்ற வேறுபாடு இருந்தாலன்றோ வாயிலில் வலை கட்டலாம்! திறந்த சட்டத்துக்கு எல்லாப் பக்கமும் வாயில். என் கருத்தில் தறியூரில் திறந்த சட்டத்தின் தோல்வி இங்கேதான், வெப்பத்தில் அன்று.

ஆகவே நகரி நண்பர்களுக்கு நான் சொல்வது, முகம் மூடி முதுகு திறந்த பெட்டி. அதே பிளைவுட், அதே ஆங்கிள். பக்கங்களையும் மேற்புறத்தையும் பலகையால் அடைத்து, முன்முகத்தில் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டை உள்நோக்கி வைக்க வேண்டும். விசிறிக்கு நான்கு விரல் முன்னே முகம் முழுவதும் நெருக்கமான நைலான் வலை. காற்று வலையின் வழியே மட்டும் நுழைந்து முதுகின் வழியே வெளியேறும். உள்ளே அழுத்தம் சற்று மிகுந்திருப்பதால், இடுக்குகளிலும் காற்று வெளிநோக்கியே போகும், பஞ்சு உட்புகாது. வலை காற்றைத் தடுக்காதா? தடுக்கும். அதனால்தான் விசிறியின் வட்டத்தளவு வெட்டாமல் முகம் முழுவதும் கட்டச் சொன்னேன். பரப்பு இருமடங்கானால் வலையின் ஊடே காற்றின் வேகம் பாதியாகும். தடையும் வெகுவாகக் குறையும். வாரம் ஒருமுறை வலையை அலசிக் காயவைப்பது பத்து நிமிட வேலை. தகடுகளைக் குச்சியால் நோண்டுவதோ அரைநாள் வேலை.

விடுதியில் இருப்பவர்களுக்கு இத்தனை கவலை வேண்டா. இங்கே திறந்த சட்டம் நன்றாகவே ஓடும். பல்லி விழாமல் மேலே ஒரு வலையும், மின்னழுத்த உறுப்புகளை நோக்கித் தனியே ஒரு சிறு விசிறியும் இருந்தால் போதும். தண்ணீர்க் கூலரின் காற்று மட்டும் நேரே படவேண்டா. அதில் நீர்த்துளியும் வரும். எங்கிருப்பவராயினும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தகரக் கூட்டைக் கழற்றலாகாது. அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னேற்றம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

உங்கள் பொறி நலமா என்றறிய, சிப்பின் வெப்பநிலையை மட்டும் குறித்தால் பயனில்லை. மார்கழியில் எல்லாம் நலமாகவே தோன்றும். ஒரே வேலையை அரைமணி நேரம் கொடுத்து, சிப்பின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து எழுதிவையுங்கள். மாதந்தோறும் அந்த எண் ஏறிவந்தால் தகடுகளில் பஞ்சு சேர்கிறது, அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. புளோயரால் ஊதும்போது விசிறியின் இறகை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் அதன் அச்சு கெடும்.