பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயர்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்துப் பையன்களின் காற்பந்துக் குழுவுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுகிறவனாக நான் இருந்தேன். ஆட்டத்தில் நான் சூரன் அல்லன். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆபீஸ் கிராணி ஐயா கொடுத்த பழைய செக்ரோல் புத்தகத்தின் பின்பக்கங்களில்தான் பெயர்களை எழுதுவேன்.

அந்த ஆண்டு சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கிடையே 15 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி. எங்கள் லயத்தில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். தம்பிக்கு 14 வயது. அண்ணனுக்கு 17, ஆனால் ஆள் குட்டை, மீசையும் சரியாக அரும்பவில்லை. பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டால் கோல் கம்பம் வரை யாராலும் பிரிக்க முடியாது. பெரியவர்கள் சிலர் கோயில் திண்ணையில் கூடிப் பேசி ஒரு யோசனை சொன்னார்கள். தம்பியின் பிறப்புப் பத்திரத்தைக் கொடுத்து, அண்ணனை இறக்கிவிடுவது!

பத்திரம் வாங்கி வர என்னைத்தான் அனுப்பினார்கள். அப்போதுதான் பால்வெட்டிலிருந்து திரும்பியிருந்த அவர்களுடைய தாயார், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். "சின்னவனையும் சேத்துட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வந்தேன்.

அரை இறுதி ஆட்டம் வரை போனோம். எதிரணித் தோட்டத்தில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். "இவன் பெரியவனாச்சே! சின்னவன் அதோ தண்ணி வாளிகிட்ட நிக்கிறானே!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆட்டம் நின்றது. குழு நீக்கப்பட்டது. லோரியில் திரும்பும்போது யாரும் யாருடனும் பேசவில்லை. கிண்ணம் போனது கூட ஒரு வாரத்தில் மறந்துவிட்டது. அந்தத் தாயார் மறுநாள் மாலை என்னிடம் வந்து, "அவன் வெளையாடத்தானே கேட்டே?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாரே, அது இன்றுவரை மறக்கவில்லை. சின்னவன் அதன் பிறகு திடல் பக்கம் வரவே இல்லை. அவனுடைய பெயரை நடுவர் உரக்கப் படித்தபோது வேறொருவன் 'ஆமாம்' என்று சொன்னதை, கையில் வாளியோடு கேட்டுக்கொண்டு நின்றவன் அல்லவா அவன்!

இப்போது நான் தோட்டத்தில் இல்லை. தோட்டம் கைமாறி, எங்கள் லயங்களும் போய்விட்டன. பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் மாலை வேளைகளில் பக்கத்துத் திடலில் பையன்களுக்குப் பட்டியல் எழுதும் வேலை மட்டும் என்னை விடவில்லை. குழு அமைக்க விரும்பும் இளைஞர்களுக்கும், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

முதலில் வயது. நாங்கள் செய்த காரியத்தை நாடுகளே செய்து மாட்டிக்கொண்டிருக்கின்றன. மெக்சிகோ நாட்டுக் காற்பந்துச் சங்கம் 20 வயதுக்குட்பட்டோர் தகுதிச் சுற்றில் வயது கடந்த நால்வரை ஆடவைத்தது. 1988-ல் விஷயம் வெளியானது. பிஃபா இரண்டு ஆண்டுகள் தடை விதித்தது. அது இளையோர் குழுவுக்கு மட்டுமான தடை அன்று, எல்லாக் குழுக்களுக்கும்தான். அதனால் அந்த ஆண்டு ஒலிம்பிக்கும் போயிற்று, 1990-ன் உலகக் கிண்ணமும் போயிற்று. தவறே செய்யாத மூத்த ஆட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நான்கு பொய்ப் பிறந்த தேதிகளுக்கு ஒரு நாடு கொடுத்த விலை அது. 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்துப் பார்க்கும் அளவுக்குப் பரிசோதனை வந்துவிட்டது.

நம் திடலுக்கு அத்தனை தூரம் வேண்டாம். பையன் சொல்லும் வயதை எழுதாதீர்கள். அம்மா சொல்லும் வயதையும் எழுதாதீர்கள். அம்மாக்கள் தீபாவளிக்கு முன்னா பின்னா என்றுதான் கணக்குச் சொல்வார்கள். மைகார்டையோ மைகிட்டையோ வாங்கிப் பாருங்கள். எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த ஆண்டு, மாதம், நாள். பார்த்து எழுதிக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றவர் வீட்டு அசல் பத்திரத்தை ஒரு இரவுகூட நம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இப்படிக் கேட்கும்போது சில வீடுகளில் மௌனம் பதிலாக வரும். பத்திரமே இருக்காது. தாய் தந்தையர் திருமணத்தைப் பதியாதது, பிரசவம் வீட்டிலேயே நடந்தது, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியதில் தொலைந்தது என்று எத்தனையோ காரணங்கள். இந்தக் குறை நம் சமுதாயத்தில் பரவலாக இருந்ததால்தான் 2011-ல் அரசாங்கம் 'மைடஃப்தார்' என்ற பெயரில் ஒரு தனி இயக்கமே நடத்தியது. அப்படிப்பட்ட பையனைப் போட்டிப் பட்டியலில் சேர்க்க முடியாது. ஆனால் பயிற்சிக்கு வராதே என்று விரட்டிவிடாதீர்கள். அவன் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகத் துணைக்கு ஆள் தேடிக் கொடுங்கள். காற்பந்துக்காகக் கேட்ட கேள்வி, பரீட்சை, வேலை, கல்யாணம் வரை அவனுக்குப் பயன்படும். பலகைக்குள் எத்தனை கோல் போனது என்பதைவிட இது பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

அடுத்து, எத்தனை பேர்? களத்தில் 11 பேர் என்பதால் 11 பெயர் போதும் என்று நினைப்பவர் உண்டு. ஆட்ட விதிப்படி ஒரு குழுவில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே தொடங்காது. மழை, காய்ச்சல், ஊர்த் திருவிழா, பாட்டி செத்துப் போனது என்று ஐந்து பேர் வராவிட்டால் முடிந்தது கதை. அதற்காக வந்தவர்களையெல்லாம் எழுதி 25 பெயர் சேர்ப்பதும் நியாயமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டம் 60 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 11 பேருக்கு மொத்தம் 660 நிமிடங்கள். 16 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய 40 நிமிடம் கிடைக்கும். 22 பேர் என்றால் 30 நிமிடம்தான். அதுவும் சரிசமமாகப் பங்கிட்டால்! நடப்பது என்னவென்றால், கெட்டிக்காரர்கள் எட்டுப் பேர் முழு ஆட்டமும் ஆடுவார்கள். மற்றவர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பையன்கள் அதிகமிருந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். தோட்டங்களில் ஆள் குறைந்துபோன இடத்தில் எழுவர் காற்பந்துக்குப் பத்துப் பெயர் போதும். பக்கத்துத் தோட்டத்தோடும் சேர்ந்துகொள்ளலாம்.

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், பிறந்த தேதி, ஜெர்சி எண், எந்தப் பள்ளி, காலையா மாலையா, வீட்டுப் போன் நம்பர், அது கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு நம்பர். இளைப்பு, வலிப்பு, ஒவ்வாத மருந்து ஏதும் உண்டா என்று தாயிடமே கேட்டு எழுதுங்கள். பையன் சொல்ல மாட்டான். சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயம். வலிப்பு உள்ள பையன் களத்தில் சுருண்டு விழும் நாளில் அந்த ஒரு வரிதான் உதவும். அந்தப் பக்கத்தை ஊருக்குக் காட்டக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

வருகைக் குறிப்பு எழுதுவது சுலபம், அதைப் படிப்பதுதான் கஷ்டம். 'புதன்கிழமைதோறும் வருவதில்லை, நீக்கிவிடலாம்' என்று ஒரு பையனைப் பற்றிப் பயிற்சி கொடுக்கும் தம்பி என்னிடம் சொன்னார். விசாரித்தால், அன்று தாய்க்கு மாலை வேலை. இவன்தான் தங்கச்சிக்குச் சோறு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறான். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா என்றோம். அவள் திடலோரம் உட்கார்ந்து படம் வரைவாள், இவன் ஓடுவான். அந்த நாளில் எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். விடியற்காலை பெரட்டுக்குப் போகும் பெற்றோருக்குக் கட்டிப்பால் இழுக்கவும், உதிரிப் பழம் பொறுக்கவும் உதவிவிட்டு வருகிற பையன் பயிற்சிக்குத் தாமதமாக வருவான். அவனைச் சோம்பேறி என்று எழுதிய பட்டியல்கள் எத்தனையோ! சோம்பேறித்தனமும் உண்டுதான், மறுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

சிறிய உருவம் என்று கழித்துவிடுவதும் ஒரு பெரிய தவறு. ஆண்டுக் கணக்கில் வயதுப் பிரிவு பார்க்கும்போது ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருகிறார்கள். 12 வயதில் அந்தப் பதினொரு மாதம் ஒரு சாண் உயரமாகத் தெரியும். கனடா நாட்டில் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து 1985-ல் எழுதினார்கள். சிறந்த குழுக்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். ஜனவரிக் குழந்தைக்குத் திறமை கூட என்பதல்ல. சிறு வயதில் பெரிதாக இருந்ததால் முதலில் தேர்ந்தார்கள், தேர்ந்ததால் நல்ல பயிற்சி கிடைத்தது. உங்கள் நோட்டில் பிறந்த மாதத்தையும் ஒரு கண் பாருங்கள்.

கோல் காவலர் விஷயத்தில் நம்மவர்கள் செய்வது வேடிக்கை. ஓட முடியாத குண்டுப் பையனைப் பிடித்துக் கம்பத்தடியில் நிறுத்திவிடுவார்கள். 1980-ல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றபோது கம்பத்தைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அவரைக் கொண்டாடியது. ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அங்கே போகக் கொடுத்துவைக்கவில்லை. 1988-ல் சாலை விபத்தில் மறைந்தும் போனார். அவர் ஆடிய காலத்தில் எங்கள் தோட்டத்தில் கோல் காக்கச் சண்டை நடக்கும். விருப்பமும் துணிச்சலும் உள்ளவனைத் தேடி எழுதுங்கள். அவனுக்கு அடிபட்டால் நிற்க இன்னொருவனையும் பழக்கிவையுங்கள்.

மண்டோர் மகன், தலைவர் மருமகன், ஜெர்சி வாங்கிக் கொடுத்தவரின் பேரன் என்று பட்டியலுக்குள் சிலர் தாமாகவே நுழைவதும் உண்டு. ஜெர்சி கொடுத்தவருக்கு மாலை போடுங்கள். பேரன் மற்றப் பையன்களைப் போல ஓடிக் காட்டட்டும். இதைச் சொன்னதற்காக ஒரு சமயம் எனக்கு ஆறு மாதம் கோப்பிக் கடையில் பேச்சுத்துணை இல்லாமல் போனது. பரவாயில்லை. இளையவர்களை நம்பி நியாயமாகத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கே. ராஜகோபால் சாட்சி. 2009 சீ விளையாட்டில் தங்கம் வென்ற இளைஞர்களில் பலரை வைத்துக்கொண்டே, 2010-ல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியாவுக்கு முதன்முறையாக வாங்கித் தந்தார் அவர்.

ஆட்டத்தன்று மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களையும் ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காத பெயர் அன்று ஆட முடியாது. விடுபட்ட பையன் ஜெர்சி போட்டுக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போகலாமா, எத்தனை பேரை மாற்றலாம் என்பதெல்லாம் இளையோர் போட்டிகளில் இடத்துக்கு இடம் மாறும். நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். யார் எத்தனை நிமிடம் ஆடினான் என்பதை ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும். 'என் பிள்ளையை ஏன் இறக்கவில்லை?' என்று தகப்பனார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரும்போது, வாயால் பதில் சொல்வதைவிட நோட்டைப் பிரித்துக் காட்டுவது நல்லது. பல சமயம் அவர் கேட்டதுதான் சரி என்று நோட்டே சொல்லியிருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பையனை முதலிலேயே இறக்கியிருக்கிறோம்.

வீடு மாறிப் போகிற பையன்களின் பெயரை நான் அடிப்பதில்லை. போன தேதியையும் புது இடத்தையும் ஓரத்தில் எழுதிவைப்பேன். அப்படிப் போனவர்களில் இருவர் இன்னும் பஸ் ஏறி வருகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டம். 16 பெயரும் எழுதியாயிற்று. அந்த இருவருடைய தாயார்களுக்கு மட்டும் இன்னும் போன் செய்ய வேண்டும்.